வட்டிக்கு வரிச்சலுகை இருந்தும் டேனரிக்காரர் ஏன் கடனுக்குத் தயங்குகிறார்?

காட்பாடி மாணவன் | 6 ஜூலை 2025, காலை 10.12

எம்பிஏ இரண்டாம் ஆண்டு. புராஜெக்டுக்காக ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பத்துக் கம்பெனி பேலன்ஸ் ஷீட் பார்த்தேன். பாடத்தில் படித்தது இது: கடனுக்குக் கட்டும் வட்டி செலவாகக் கழியும், பங்குதாரருக்குக் கொடுக்கும் டிவிடெண்ட் கழியாது, அதனால் வரி கட்டுகிற கம்பெனி கடனைத்தான் விரும்பும். நான் பார்த்ததில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற கம்பெனிகளுக்குக் கடன் நிறைய. அதே குடும்பத்தின் டேனரிக்கு (தோல் பதனிடும் ஆலைக்கு) அதில் கால்வாசி கூட இல்லை. வரியும் ஒன்றுதான், வங்கியும் ஒன்றுதான். டேனரிக்காரர்களுக்கு வரிக் கணக்கு புரியவில்லை என்று எழுதலாமா? யாராவது மறுப்பீர்களா?

பழைய கணக்குப்பிள்ளை | 6 ஜூலை, இரவு 9.40

மறுக்கிறேன். 1991ல் பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் கணக்கெழுத உட்கார்ந்தவன் நான். பிறகு ராணிப்பேட்டை, ஆம்பூர். இப்போது ஓய்வு என்று பெயர், இரண்டு பேருக்கு மட்டும் கணக்கு பார்க்கிறேன். டேனரி முதலாளிக்கு வரிக் கணக்கு தெரியாது என்று எழுதினால் அவர் படிக்க மாட்டார், நான் படித்துவிட்டு சண்டைக்கு வருவேன்.

வட்டியால் வரி மிச்சமாக வேண்டுமானால் வரி போட லாபம் மிச்சம் இருக்க வேண்டும். டேனரியில் தேய்மானம், அதாவது மெஷின் விலையை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகக் கழிப்பது, பெரிய சாப்பாட்டுக்காரன். அவன் எழுந்த பிறகு வட்டி உட்கார்ந்தால் இலையில் ஒன்றும் இருக்காது. மீதி நாளைக்கு. கண் எரிகிறது.

7 ஜூலை, காலை 6.55

முதலில், "வரி ஒன்றுதான்" என்பது தப்பு. நீங்கள் பார்த்த டேனரிகளில் பாதிக்கு மேல் பார்ட்னர்ஷிப்பாக இருக்கும். பார்ட்னர்ஷிப்புக்கு 30 சதவீதம். வருமானம் 1 கோடியைத் தாண்டினால் அந்த வரியின் மேல் 12 சதவீத சர்சார்ஜ், அதற்கும் மேலே 4 சதவீத செஸ், ஆக 34.944. அப்பர் கம்பெனி பிரைவேட் லிமிடெடாக இருந்து 2019ல் வந்த 115பிஏஏ பிரிவுக்குப் போயிருந்தால் 22 சதவீதம், எல்லாம் சேர்த்து 25.168. வங்கியில் 10 சதவீத வட்டி என்றால் வரி போக டேனரிக்கு அது 6.51, அப்பர் கம்பெனிக்கு 7.48. பாடப்புத்தகப்படி டேனரிதான் அதிகம் கடன் வாங்க வேண்டும். நடப்பது தலைகீழ். அப்படியானால் உங்கள் கேள்வி நீங்கள் நினைத்ததை விட நல்ல கேள்வி.

இனி ஒரு கணக்கு. கம்பெனி கற்பனை, விகிதம் நிஜம். வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முன்னால் இரண்டு பேருக்குமே 2 கோடி லாபம், இரண்டு பேருக்குமே 50 லட்சம் வட்டி என்று வையுங்கள்.

டேனரிக்காரரிடம் கழிவுநீர் சுத்திகரிப்பு இயந்திரம் 3 கோடிக்கு. அதற்குத் தேய்மானம் 40 சதவீதம், 1 கோடியே 20 லட்சம். ட்ரம், ஃபிளஷிங், ஷேவிங், ஸ்ப்ரே என்று மற்ற மெஷின் 4 கோடிக்கு. அதற்கு 15 சதவீதம், 60 லட்சம். ஆக 1 கோடியே 80 லட்சம் தேய்மானத்திலேயே போச்சு. மிச்சம் 20 லட்சம். வட்டி 50 லட்சம். முப்பது லட்சம் வட்டிக்கு வரி மிச்சம் பூஜ்யம்.

அப்பர்காரரிடம் தையல் மெஷின், கட்டிங் பிரஸ் எல்லாம் சேர்த்து 1 கோடி. தேய்மானம் 15 லட்சம். மிச்சம் 1 கோடியே 85 லட்சம். 50 லட்சம் வட்டி முழுசாகக் கழியும், 12.58 லட்சம் வரி மிச்சம்.

இதை 1980லேயே டிஆஞ்சலோ, மசூலிஸ் என்று இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். வட்டி இல்லாமலேயே வரியைக் குறைக்கிற கழிவு ஒரு கம்பெனிக்கு நிறைய இருந்தால், அதற்கு வரிக்காகக் கடன் வாங்கும் ஆசை குறையும் என்பது அவர்கள் வாதம். நான் அதைப் படித்தது ரொம்பப் பின்னால், மகன் வைத்திருந்த புத்தகத்தில். படித்தபோது எங்கள் பழைய முதலாளி ஞாபகம் வந்தார். அவர் இங்கிலீஷ் பேப்பர்கூடப் பிரிக்க மாட்டார்.

8 ஜூலை, மதியம் 1.30

ஆம்பூர் பிரியாணியா வாணியம்பாடி பிரியாணியா என்று நடுவில் ஆரம்பித்தவர்களுக்கு: அதற்கு வேறு இழை இருக்கிறது. ஆம்பூர்தான். இங்கே வேண்டாம்.

9 ஜூலை, இரவு 8.15

சத்துவாச்சாரி ஆடிட்டர் ஒருவர் என் 7ம் தேதிக் கணக்கில் இரண்டு ஓட்டை காட்டியிருக்கிறார். இரண்டுமே சரி.

ஒன்று, வரிசை. நான் தேய்மானத்தை முதலில் உட்கார வைத்தேன். சட்டப்படி வட்டி முதலில் கழிகிறது, நிற்கிற 30 லட்சம் கழிக்கப்படாத தேய்மானம். அதற்குக் காலக்கெடு இல்லை, வருஷா வருஷம் தூக்கிக்கொண்டே போகலாம். எட்டு வருஷக் கெடு வியாபார நஷ்டத்துக்குத்தான்.

இரண்டு, தேய்மானம் மிச்ச மதிப்பின் மேல். இரண்டாம் வருஷம் சுத்திகரிப்பு இயந்திரத்தின் மதிப்பு 1.80 கோடி, அதில் 40 சதவீதம் 72 லட்சம். மற்ற மெஷின் 3.40 கோடி, அதில் 51 லட்சம். மொத்தம் 1.23 கோடி. 2 கோடியில் வட்டி 50, தேய்மானம் 123 போக 27 லட்சம் நிற்கும். போன வருஷத்து 30ல் 27 அங்கேயே கழிந்துவிடும். ஆக என் "பூஜ்யம்" ஒரு வருஷத் தாமதம்தான்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் வருஷமும் அதே 2 கோடி வரும் என்று எழுதுவது ஆடிட்டர் பேனா. தோல் விலையும் டாலரும் அதைக் கேட்காது.

11 ஜூலை, இரவு 10.05

ஆடிட்டர் சொன்னதை யோசித்துக்கொண்டே படுத்தேன், தூக்கம் வரவில்லை. நான் வரியை வைத்தே வரிக்குப் பதில் சொல்லப் பார்த்தேன். அதுவே கோணல்.

தொண்ணூறுகளில் ஏற்றுமதி லாபத்துக்கு 80எச்எச்சி என்று ஒரு பிரிவு இருந்தது. ஏற்றுமதியில் வந்த லாபம் முழுக்கக் கழிவு. 2000க்குப் பிறகு படிப்படியாகக் குறைத்து, 2005-06 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இல்லாமல் செய்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் டேனரி கட்டிய வருமான வரி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வரியே இல்லாதவனுக்கு வட்டியில் என்ன வரிச்சலுகை? கடனில் லாபம் வட்டி மிச்சப்படுத்தும் வரிதான் என்று 1963ல் மோடிக்லியானி, மில்லர் என்ற இரண்டு பேராசிரியர்கள் திருத்தி எழுதிய கணக்குப்படி எங்களுக்குக் கடன் வாங்கக் காரணமே இல்லை. வாங்கினோம். வங்கி கொடுத்த லிமிட் பூராவும் எடுத்தோம். மாசக் கடைசியில் வங்கிக்குக் கொடுக்கிற ஸ்டாக் ஸ்டேட்மென்டில் தோல் எண்ணிக்கையைக் கூட்டிப் போடலாமா என்று முதலாளி என் முகத்தைப் பார்க்கிற அளவுக்கு எடுத்தோம்.

காரணம் வரியில் இல்லை, குழியில் இருந்தது. எங்களுடையது அப்போது மரப்பட்டைச் சாற்றில் தோலைப் பதனிடுகிற டேனரி. உப்புத் தோலை ஊற வைத்து, சுண்ணாம்பில் போட்டு, முடி எடுத்து, பட்டைச் சாற்றில் கிடத்தி எடுக்க வாரக்கணக்கில் ஆகும். பட்டைக்குப் பதில் குரோம் உப்பு போட்டால் ட்ரம்மில் இரண்டு நாளில் நீலத் தோல் வெளியே வரும். பட்டைக்காரனின் காசு குழியில் ஊறிக்கொண்டு கிடக்கும். ஈரோட்டுச் சந்தையில் தோலுக்குக் காசு கையோடு கொடுக்க வேண்டும். வாங்கினவன் அனுப்புவது தொண்ணூறு நாள் கழித்து. நடுவில் இருக்கிற அத்தனை நாளும் வங்கிக் காசு.

12 ஜூலை, காலை 7.20

மாணவருக்கு ஒரு வேலை. அந்தப் பத்து பேலன்ஸ் ஷீட்டிலும் கடனை இரண்டாகப் பிரியுங்கள். மெஷினுக்கும் கட்டடத்துக்கும் வாங்கிய டெர்ம் லோன் தனி. அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கிற சிசி (கேஷ் கிரெடிட்), ஏற்றுமதி ஆர்டரைக் காட்டி எடுக்கிற பேக்கிங் கிரெடிட் தனி. இரண்டையும் கூட்டிப் போட்டு "கடன்" என்று பேசினால் இந்த இழை தீபாவளி வரை போகும்.

13 ஜூலை, காலை 11.00

ஞாயிற்றுக்கிழமை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

இந்த ஊர்களில் உற்பத்தி முறையை முதலாளி தானாக மாற்றியது குறைவு. அரசாங்கமும் கோர்ட்டும் மாற்ற வைத்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் சீதாராமையா கமிட்டி சொன்னதன் பேரில் பச்சைத் தோல், அரைப் பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள். அதுவரை பட்டைத் தோலைக் கட்டிக் கப்பலேற்றியவர்கள் ஃபினிஷ் செய்த தோலும் ஷூவும் செய்ய வேண்டி வந்தது. அதற்கு மெஷின், மெஷினுக்குக் கடன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் முதலாளியின் அப்பா அந்த முதல் ஷேவிங் மெஷின் கடனைப் பற்றி இன்னும் புலம்பிக்கொண்டிருந்தார்.

அடுத்தது 1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பாலாற்றைக் கெடுத்ததற்காக ஒவ்வொரு டேனரியும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், சுத்திகரிப்பு இல்லாமல் ஓட்டக் கூடாது. அபராதம் பெரிய தொகை இல்லை. அதற்கப்புறம் வந்த இயந்திரம்தான் பெரிது. பொது சுத்திகரிப்பு நிலையம், பிறகு ஆர்ஓ, அதற்கும் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்று எவாப்பரேட்டர்.

எவாப்பரேட்டரைப் பார்க்காதவர்களுக்கு: ஆர்ஓ கழித்துத் தள்ளும் உப்புத் தண்ணீரை நீராவியால் காய்ச்சி, தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பைத் தனியே கொட்டுகிற சாதனம். மூன்று மாடி உயரத்துக்கு ஸ்டீல் குழாய். கொதிகலனுக்கு விறகு. கீழே காவி நிறத்தில் கழிவு உப்பு, கொட்டகையில் குவிந்து கிடக்கும். அந்த உப்பு சாப்பாட்டுக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. ட்ரம் பத்து ஓடினாலும் இரண்டு ஓடினாலும் ஆபரேட்டர் சம்பளம், மெம்பிரேன் மாற்றுவது, கரண்டுக்கு மினிமம் சார்ஜ் எல்லாம் அப்படியே.

இதுதான் 7ம் தேதியே நான் எழுதியிருக்க வேண்டியது. தோல் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு டேனரிக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கிறது. டெர்ம் லோன் வட்டியும் அதே சாதி. ஒரே தோளில் இரண்டு மூட்டை. அப்பர் கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் வாங்குகிற தோல் குறையும், கூலி குறையும், செலவு இளகும். அதனால் அங்கே வட்டி மூட்டைக்கு இடம் இருக்கிறது.

வரி தள்ளிவிடுகிற திசை ஒன்று. எவ்வளவு தூரம் போகலாம் என்பதை எவாப்பரேட்டர் சொல்கிறது.

14 ஜூலை, இரவு 9.30

"நீங்கள் இப்படி எத்தனை பேருக்குச் சொல்லிக் காப்பாற்றினீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிண்டல்தான், ஆனாலும் பதில் சொல்கிறேன்.

2013ல் ஒரு முதலாளிக்கு நான் நேர் எதிராகச் சொன்னேன். மாசுக் கட்டுப்பாட்டு இயந்திரங்களுக்கு அப்போது 100 சதவீதத் தேய்மானம். (2017க்குப் பிறகுதான் 40.) அந்த வருஷம் அவருக்கு நல்ல லாபம். "கடனை வாங்கி ஆர்ஓவை இப்பவே போட்டுடுங்க, மார்ச்சுக்குள்ளே ஓட வெச்சா பாதித் தேய்மானம் கெடைக்கும், வட்டியும் கழியும், வரியில நல்ல தொகை நிக்கும்" என்றேன். அவர் யோசித்தார். அவருடைய தம்பி வேண்டாம் என்றார். நான் காகிதத்தில் கூட்டல் போட்டுக் காட்டினேன்.

நவம்பரில் கடன் வந்தது. சிவில் வேலை இழுத்தது. மெஷின் ஓடியது ஆகஸ்டில். அந்த மார்ச்சுக்குத் தேய்மானம் கிடையாது. அதைவிடக் கேவலம், மெஷின் பயன்பாட்டுக்கு வருகிற வரை கட்டிய வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது, மெஷின் விலையோடு சேர்க்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கூட்டலில் சேர்க்கவில்லை.

அடுத்த வருஷம் ஆர்டர் விழுந்தது. வட்டிக்கு முன்னால் இருந்த லாபம் வட்டிக்கே பத்தவில்லை, அது வியாபார நஷ்டம். அதையாவது எட்டு வருஷம் தூக்கிப் போகலாம் என்றால், ரிட்டர்னை எங்கள் பக்கத்தில் கெடு தாண்டி 11 நாள் கழித்து ஃபைல் செய்தோம். கெடு தாண்டினால் தேய்மானத்தைத் தூக்கிப் போகலாம், வியாபார நஷ்டத்தை முடியாது. போச்சு.

அவர் என்னைத் திட்டவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "கணக்குப்பிள்ளை, மிச்சமான வரி எங்கே?"

15 ஜூலை, காலை 7.00

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஆறுதல் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அவர் அந்தக் கடனை 2019ல் அடைத்துவிட்டார். நிலம் ஒன்றை விற்றுத்தான்.

17 ஜூலை, இரவு 8.50

வாணியம்பாடி அன்பர் எழுதியது முக்கியம்: "எங்க வாப்பா காலத்திலிருந்து வட்டிக்கு வாங்குவதில்லை. இதில் வரியும் இல்லை, எவாப்பரேட்டரும் இல்லை."

உண்மைதான் பாய். இந்த ஊர்களில் கணக்கெழுதினவனுக்குத் தெரியும். வட்டி வேண்டாம் என்பதற்காகவே அண்ணன் தம்பி, மச்சான், மாமனார் என்று பங்கு சேர்த்து பார்ட்னர்ஷிப் நடத்துகிறவர்கள் உண்டு. பார்ட்னருக்கு 12 சதவீதம் வரை வட்டி கொடுத்து அதை நிறுவனத்தின் செலவாகக் கழிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நான் ஒரு பெரியவரிடம் அதைச் சொன்னேன். "எங்க காசுக்கு எங்க கிட்டயே வட்டியா, அந்த வார்த்தையே கணக்கில வேணாம்" என்று முடித்துவிட்டார். அவருக்குப் போன வரியை அவர் விலையாக நினைக்கவே இல்லை.

மாணவர் தன் பத்துக் கம்பெனியில் இப்படி எத்தனை என்று பார்க்க வேண்டும். கால்வாசிக் கடனுக்கு விளக்கம் அங்கேயே கிடைக்கலாம்.

19 ஜூலை, இரவு 10.20

"முதலாளியே தன் பிரைவேட் லிமிடெடுக்குக் கடன் கொடுத்தால்?" என்று கேட்டவருக்கு: நஷ்டம். கம்பெனி 100 ரூபாய் வட்டி கொடுத்தால் அதற்கு 25.17 மிச்சம். அந்த 100 முதலாளி கையில் வருமானம், 30 சதவீதப் படியில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 31.20 வரி. இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்ற ஆறு ரூபாய் கூலி.

20 ஜூலை, காலை 9.10

நேற்று எழுதியது பாதி. ஆடிட்டர் மறுபடியும் பிடித்தார். (இவரிடம் நான் ரிட்டர்ன் கொடுத்திருக்க வேண்டும்.)

முதலாளிக்கு வீட்டுச் செலவுக்குக் காசு வேண்டும் என்று வையுங்கள். வட்டியாக எடுத்தால் 31.20 வரி. டிவிடெண்டாக எடுத்தால் முதலில் கம்பெனி 25.17 கட்டும், மிச்சம் 74.83ல் இவர் 31.2 சதவீதம் கட்டுவார், அது 23.35. ஆக 48.52. அப்போது வட்டிதான் லாபம். காசை எடுக்காமல் கம்பெனியிலேயே விட்டால் 25.17 மட்டும். அதுதான் எல்லாவற்றிலும் குறைவு. எடுக்கிறவருக்கு ஒரு பதில், விடுகிறவருக்கு ஒரு பதில். கடன் கொடுப்பவர் கட்டும் வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 1977ல் மில்லர் எழுதினார். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாரா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

27 ஜூலை, மாலை 5.45

வங்கியில் இருந்தவர் ஒருவர், பெயர் போடாமல்: "எங்கள் பக்கமும் கேளுங்கள். டேனரி கேட்டாலும் நாங்கள் கொடுப்பதில்லை."

சரியான இடி. நான் இதுவரை கடன் வாங்குகிறவன் மனசை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்.

சில வருஷம் முன்பு ஒரு ஏலத்துக்குப் போனேன். மூடின டேனரி, வங்கி கைப்பற்றியது. அப்பர் பகுதியில் இருந்த தையல் மெஷின்களை ஆம்பூர் ஆட்கள் அரை மணியில் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தர் ஒவ்வொரு மெஷின் சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்து, ஊசிப் பட்டையில் எண்ணெய் விட்டு, ஓடுகிறது என்றதும் விலை சொன்னார். மர ட்ரம் இரண்டுக்கு ஆள் வந்தது. எவாப்பரேட்டருக்கு? அதைக் கழற்றிக் கொண்டுபோய் வேறு இடத்தில் பூட்டுகிற செலவுக்குப் புதிதே வாங்கலாம். கடைசியில் பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து, காந்தத்தை ஒட்டிப் பார்த்து, ஒட்டவில்லை என்றதும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிலோ விலை போட்டார். ஆர்ஓ மெம்பிரேனைச் சும்மாவே எடுத்துப் போகச் சொன்னார்கள், யாரும் எடுக்கவில்லை.

மேனேஜர் அந்தக் காந்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அடுத்த டேனரி அவரிடம் டெர்ம் லோன் கேட்டால் என்ன நடக்கும்? டேனரியின் மெஷின் மதிப்பு காகிதத்தில் அப்பர் கம்பெனியைப் போல ஏழு மடங்கு. வங்கிக்கு அது அடமானப் பொருளே இல்லை. நிலத்தைக் கேட்கிறார்கள், அந்த நிலத்தின் மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் எப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியும்.

28 ஜூலை, காலை 7.35

நான் எழுத விட்டுப்போன ஒரு விஷயம், கொரோனா சமயத்தில் நடந்தது. 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை வட்டியைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. சேர்ந்த வட்டியைத் தனி டெர்ம் லோனாக மாற்றினார்கள். வங்கி வட்டி கையிலிருந்து கட்டினால்தான் கழியும், கடனாக மாற்றிய வட்டி கட்டிய வட்டி ஆகாது என்பது 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவு. ஆக கஷ்ட காலத்தில் வட்டி ஏறும், அதற்கான வரிச்சலுகை மட்டும் வராது. இது டேனரிக்கும் அப்பருக்கும் பொது.

3 ஆகஸ்ட், இரவு 8.00

குடியாத்தம் நண்பர் தீப்பெட்டியைக் கொண்டு வந்திருக்கிறார், விலகல்தான் என்றாலும் நல்ல விலகல். ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மெஷின் தீப்பெட்டிக்கு 18. 2020 ஏப்ரல் 1லிருந்து எல்லாவற்றுக்கும் 12 ஆக்கினார்கள். அவர் கேட்பது: "வரிக்காகவே கையில் செய்தோம். மெஷின் இல்லாததால் வங்கிக்குக் காட்ட ஒன்றுமில்லை. கடன் இல்லாததற்குக் காரணம் வரியா, முறையா?"

இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாத இடம் இது. மாணவர் இதை ரிக்ரெஷனில் எப்படிப் போடுவார் என்று பார்க்க ஆசை.

10 ஆகஸ்ட், காலை 10.40

தீப்பெட்டி போலவே தோலுக்கும் இந்த வருஷம் நடந்தது. பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நீலத் தோல் இறக்குமதிக்குச் சுங்க வரியை முழுக்க எடுத்தார்கள், பதனிட்டும் ஃபினிஷ் செய்யாத கிரஸ்ட் தோல் ஏற்றுமதிக்கு இருந்த 20 சதவீத வரியையும் எடுத்தார்கள்.

நான் கணக்கு பார்க்கிற இருவரில் ஒருவர் உப்புத் தோல் வாங்குவதைப் பாதியாக்கிவிட்டு நீலத் தோலை வெளிநாட்டிலிருந்து இறக்குகிறார். அந்தப் பாதிக்கு ஊறவைப்பதும் சுண்ணாம்பும் இல்லை, ஆகவே உப்பும் நாற்றமும் குறைவு. எவாப்பரேட்டருக்கு அனுப்புவது குறைகிறது. புது டெர்ம் லோனுக்கு வேலையே இல்லை. ஆனால் கன்டெய்னர் கடலில் இருக்கிற நாளெல்லாம் காசு மாட்டிக்கொள்கிறது, சிசி லிமிட் போதவில்லை என்று வங்கிக்கு நடக்கிறார். வருமான வரி விகிதம் ஒரு பைசா மாறவில்லை. கடனின் தொகையும் மாறியது, சாதியும் மாறியது.

30 ஆகஸ்ட், இரவு 9.15

27ம் தேதி அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியது. நேற்று ஆம்பூர் போய்விட்டு வந்தேன். அமெரிக்க ஆர்டர் வைத்திருந்த ஒரு அப்பர் கம்பெனியில் இரண்டு லைன் நிற்கிறது. பேக்கிங் கிரெடிட் ஆர்டரோடு இறங்கிவிட்டது, பேலன்ஸ் ஷீட் பார்க்க அழகாக இருக்கும். பேக்கிங் கிரெடிட்டுக்கு அரசு கொடுத்த 3 சதவீத வட்டி மானியம் போன டிசம்பர் 31ஓடு நின்றதால் அவருக்கு அதில் வருத்தம்கூட இல்லை.

13 ஜூலையில் "கூலி குறையும், செலவு இளகும்" என்று ஒரு வரியில் எழுதினேன். மாதனூர் பக்கத்திலிருந்து பெண்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ் மூன்றில் ஒன்று ஓடவில்லை. கடன் தாங்கும் சக்தி என்று நான் எழுதியதில் பாதி அந்த பஸ்ஸில் வருகிறவர்களின் சம்பளம். முதலில் எழுதும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை.

23 செப்டம்பர், காலை 7.10

நேற்று முதல் ஃபினிஷ்ட் தோலுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5. வாழ்த்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். குரோம் உப்பு உள்ளிட்ட பல கெமிக்கலுக்கு 18 அப்படியே. உள்ளே 18 கட்டி வெளியே 5 வசூலித்தால் நடுவில் நிற்பது ரீஃபண்ட். அது வரும்வரை அந்தக் காசுக்கு சிசியில் வட்டி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த புதிதில் ரீஃபண்ட் மாசக்கணக்கில் நின்றபோது, கூலி கொடுக்க நகை வைத்த ஆட்களை எனக்குத் தெரியும். வரி கடனைப் பாதிக்கிறது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வருமான வரி இல்லை, இது.

மாணவர் எழுதியிருக்கிறார்: கடனைப் பிரித்துப் பார்த்ததில் டெர்ம் லோன் மட்டும் எடுத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் பாதியாகிவிட்டதாம், தலைப்பை மாற்றப் போகிறாராம். நல்லது. அந்த "வரிக் கணக்கு புரியவில்லை" வரியையும் எடுத்தாரா என்று சொல்லவில்லை.

29 செப்டம்பர், இரவு 10.30

வருஷா வருஷம் இந்த வாரம் போன் அடிக்கும். அக்டோபர் 3க்குள் மெஷின் ஓட ஆரம்பித்தால் மார்ச் 31 வரை 180 நாள் கணக்கு வரும், முழுத் தேய்மானம். ஒரு நாள் தாண்டினால் பாதி.

இன்று காலை அடித்தது அந்த 2013 முதலாளியின் தம்பி. இப்போது அவர்தான் பார்க்கிறார். ஆட்டோ ஸ்ப்ரே மெஷின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம், டீலர் நாளை மறுநாள் பூட்டித் தருகிறேன் என்கிறாராம், வங்கியும் தயாராம். "நீங்க இன்னா சொல்றீங்க, கணக்குப்பிள்ளை?"

வரிக் கணக்கை மட்டும் சொன்னேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. முழுத் தேய்மானம் இவ்வளவு, வட்டி இவ்வளவு, ஆர்டர் இப்படியே இருந்தால் இதில் கழிவது இவ்வளவு. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் ட்ரம் உருள்கிற சத்தம் கேட்டது, ஒன்றே ஒன்று.

"பக்கத்து டேனரியில ஸ்ப்ரே மெஷின் சும்மாதான் நிக்குது, சதுர அடிக்கு இவ்ளோன்னு ஜாப் வொர்க் கொடுத்துடறேன்" என்றார்.